எஃப்எஸ்ஸ்பெக்: ஃபைல் எந்த ஸ்டோரேஜில் இருந்தாலும் ஒரே பைத்தான் கோடு, முழு வழிகாட்டி

தினமும் இரவு ஓடி, மழை அளவு டேட்டாவை இறக்கி, சுத்தம் செய்து, ஒரு ஃபோல்டரில் சிஎஸ்வியாகப் போட்டு வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் அந்த சர்வரில் டிஸ்க் நிரம்பியது, எல்லாவற்றையும் எஸ்3 பக்கெட்டுக்கு (எஸ்3 அமேசானின் கிளவுட் ஸ்டோரேஜ், பக்கெட் அதில் நமக்கென்று ஒதுக்கிய இடம்) மாற்றச் சொன்னார்கள். உட்கார்ந்து தேடிப் பார்த்தால் 'ஓப்பன்' என்று நேரடியாக அழைத்த இடம் நாற்பதுக்கு மேல், 'ஓஎஸ்.பாத்' வரும் இடம் அதைவிட அதிகம், நடுவில் இரண்டு இடத்தில் ஃபைலை ரீநேம் செய்யும் வரி வேறு. ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்ற மூன்று நாள் ஆனது. எஃப்எஸ்ஸ்பெக் லைப்ரரியை ஒழுங்காக உட்கார்ந்து படித்தது அதற்குப் பிறகுதான்.

அதைக் கையாளுவதை முதல் படியில் இருந்து சொல்கிறேன். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் புரோகிராமில் ஒரே ஒரு வரிக்குள் அடக்கிவிட முடியும், அதற்கான கருவி இது. ஆனால் எஸ்3 எஸ்3 ஆகத்தான் நடந்துகொள்ளும், லோக்கல் டிஸ்க் லோக்கல் டிஸ்க் ஆகத்தான் நடந்துகொள்ளும். வெளியே முகம் ஒன்றாகிவிட்டது என்று உள்ளேயும் ஒன்றாகிவிட்டதாக நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

லைப்ரரியின் பெயர் ஆங்கிலத்தில் எஃப், எஸ், எஸ், பி, இ, சி என்று ஆறு எழுத்து. எஸ்3க்கு ஒன்று, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜுக்கு ஒன்று என்று, பெரிய டேட்டாவைப் பிரித்துக் கணக்கிடும் பைத்தான் லைப்ரரியான டாஸ்க் (Dask) திட்டத்தைச் சுற்றித் தனித்தனியாக இருந்த லைப்ரரிகளில் பொதுவானதைப் பிரித்தெடுத்து உருவாக்கியது. டேபிள் டேட்டாவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியில், 2020 ஜூலையில் வந்த 1.1 பதிப்பு முதல், 'ரீட்_சிஎஸ்வி'க்கு எஸ்3 முகவரி கொடுத்தால் உள்ளே போய் எடுத்து வருவது இதுதான். ஆக, தெரியாமலேயே பலர் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுவும்போது

'பிப்' மூலம் எஃப்எஸ்ஸ்பெக்கை மட்டும் போட்டால் அது தன்னோடு வேறு எதையும் இழுத்து வராது. லோக்கல் டிஸ்க், மெமரி, ஜிப் ஆகியவை அதிலேயே உண்டு. எச்டிடிபி வேண்டுமானால் கூடுதலாக 'ஏஐஓஎச்டிடிபி', எஸ்எஃப்டிபி வேண்டுமானால் 'பராமிகோ'. அமேசானுக்கு 'எஸ்3எஃப்எஸ்', கூகுளுக்கு 'ஜிசிஎஸ்எஃப்எஸ்', அஷூருக்கு 'ஏடிஎல்எஃப்எஸ்' என்று தனி பேக்கேஜ்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஃப்எஸ்ஸ்பெக்கின் பதிப்பு எண் வருடம், மாதம் என்ற கணக்கில் போகும். எஸ்3எஃப்எஸ் தன் பதிப்புக்கு நேரான எஃப்எஸ்ஸ்பெக் பதிப்பையேதான் கேட்கும், ஒன்றை ஏற்றி மற்றதை விட்டால் ஒத்துவராது. அதோடு எஸ்3எஃப்எஸ் 'ஏஐஓபோடோகோர்' மேல் நிற்கிறது, அதுவோ 'போடோகோர்' பதிப்பை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், அதே என்விரான்மென்டில் அந்த போடோகோரையே நம்பியிருக்கும் அமேசானின் 'போடோ3' லைப்ரரியும் இருந்தால் பிப் குழம்பும். இரண்டு பேக்கேஜையும் ஒரே கட்டளையில் சேர்த்து நிறுவுங்கள், ஓடுகிற பதிப்பை, பதிப்பு எண்களைப் பூட்டி வைக்கும் லாக் (lock) ஃபைலில் எழுதி வையுங்கள். இந்தப் பழக்கம் வந்த பிறகு எனக்கு இந்த வகைப் பிரச்சினை வரவில்லை.

முதல் ஃபைலைத் திறப்போம்

கற்றுக்கொள்ளப் பொது டேட்டா இருக்கும் இடமே நல்லது, கணக்கு, சாவி எதுவும் வேண்டாம். அமெரிக்க அரசின் நோவா அமைப்பு உலகம் முழுக்க உள்ள நிலையங்களின் தினசரி வானிலைப் பதிவை எஸ்3-ல் 'நோவா-ஜிஎச்சிஎன்-பிடிஎஸ்' என்ற பக்கெட்டில் திறந்து வைத்திருக்கிறது.

பைத்தானில் 'எஃப்எஸ்ஸ்பெக்.ஃபைல்சிஸ்டம்' என்ற ஃபங்ஷனை 'எஸ்3' என்ற பெயரோடும், 'அனான்' என்பதற்கு ட்ரூ என்ற மதிப்போடும் அழையுங்கள். சாவி இல்லாமல் உள்ளே போகிறேன் என்று அர்த்தம். திரும்பி வருவதை 'எஃப்எஸ்' என்ற மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் உங்கள் டிஸ்க். அதன் மேல் 'எல்எஸ்' என்று பக்கெட் பெயரைக் கொடுத்தால் பட்டியல் வரும். உள்ளே இறங்கிப் போனால் வருடத்துக்கு ஒரு சிஎஸ்வி கிடைக்கும். சமீபத்திய வருடங்களில் கோடிக்கணக்கில் வரிகள், அவசரப்பட்டு முழுசாக இறக்க வேண்டாம். 'எஃப்எஸ்.ஹெட்' என்று அந்த ஃபைலின் பாத்தைக் கொடுங்கள், முதல் 1024 பைட் மட்டும் வரும். பெரிய ஃபைல் முழுசாக இல்லாமல் அதன் முன்பகுதி மட்டுமே நெட்வொர்க்கில் பயணம் செய்தது. வரிகளைப் பாருங்கள்: நிலையத்தின் குறியீடு, தேதி, என்ன அளவீடு, மதிப்பு. இந்திய நிலையங்களின் குறியீடு ஆங்கில 'ஐஎன்' என்று ஆரம்பிக்கும். மழைக்கு 'பிஆர்சிபி', அதன் மதிப்பு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, 254 என்று இருந்தால் 25.4 மில்லிமீட்டர்.

முழுசாகத் திறக்க இரண்டு வழி உண்டு. ஏற்கெனவே கையில் இருக்கும் எஃப்எஸ் மேல் 'ஓப்பன்', அல்லது நேரடியாக 'எஃப்எஸ்ஸ்பெக்.ஓப்பன்' என்று முழு முகவரியோடு. இரண்டாவதில் புதிதாக வருபவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அது திருப்பிக் கொடுப்பது திறந்த ஃபைல் இல்லை, திறக்கத் தயாராக இருக்கும் ஒரு பொருள்தான். 'வித்' போட்டு உள்ளே நுழைந்தால்தான் நிஜமாகத் திறக்கும். இன்னொன்று, பைத்தானின் சொந்த ஓப்பன் சும்மா விட்டால் டெக்ஸ்ட் மோடில் திறக்கும், எஃப்எஸ்ஸ்பெக் சும்மா விட்டால் பைட் மோடில் திறக்கும். பழைய கோடை மாற்றும்போது மோடை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், 'ஆர்' என்றோ 'ஆர்பி' என்றோ. சுருக்கிய ஃபைல் என்றால் 'கம்ப்ரெஷன்' என்பதற்கு 'இன்ஃபர்' கொடுத்தால் பெயரின் வாலைப் பார்த்துத் தானே விரித்துக்கொள்ளும்.

இடத்தை ஒரே வரியில் அடக்குவது

சரி, இப்போது முக்கியமான படி. நான் இப்போது எழுதும் எல்லா ஸ்கிரிப்டிலும் அமைப்பு ஒன்றே. கான்ஃபிகில் ஒரே ஒரு முகவரி இருக்கும், டேட்டாவின் வேர் அது. என் லேப்டாப்பில் 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரி, சர்வரில் 'எஸ்3' என்று தொடங்கும் முகவரி, டெஸ்டில் 'மெமரி' என்று தொடங்கும் முகவரி. புரோகிராம் தொடங்கும்போது அதை 'யூஆர்எல்_டு_எஃப்எஸ்' என்ற ஃபங்ஷனிடம் கொடுக்கிறேன், அது ஒரு எஃப்எஸ் பொருளையும் உள் பாத்தையும் ஜோடியாகத் தருகிறது. அந்த ஜோடியை வைத்து ஒரு 'டிர்ஃபைல்சிஸ்டம்' உருவாக்குகிறேன். இது ஒரு உறை, கொடுத்த ஃபோல்டரையே உலகத்தின் வேராகக் காட்டும். அதற்குப் பிறகு என் கோடு முழுக்க 'மழை/2024/ஜூன்.சிஎஸ்வி' மாதிரியான பாத் மட்டும்தான் பேசும், பக்கெட் பெயரோ டிரைவ் பெயரோ எங்கேயும் தலைகாட்டாது.

இந்த உறை எதற்கு, பாத்தை நானே ஒட்டிக்கொள்ள மாட்டேனா என்று கேட்கலாம். ஒட்டலாம், ஆனால் 'எல்எஸ்' திருப்பிக் கொடுக்கும் பெயர்களைக் கவனியுங்கள். எஸ்3-ல் பக்கெட் பெயரில் தொடங்கும், லோக்கலில் டிஸ்கின் வேரில் இருந்து முழு பாத் வரும், மெமரியில் முன்னால் ஒரு சாய்கோடு இருக்கும். மூன்றிலும் முன்னால் புரோட்டோகால், அதாவது 's3://' மாதிரியான தொடக்கம், இருக்காது. இந்தப் பெயர்களை வெட்டி ஒட்டும் கோடு ஒரு பேக்எண்டில் (பின்னால் இருக்கும் ஸ்டோரேஜ் வகையில்) ஓடும், அடுத்ததில் கவிழும். உறைக்குள் இருந்தால் வேரில் இருந்து கணக்கிட்ட பெயர்தான் வரும், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. முழு முகவரி தேவைப்படும் இடத்தில், உதாரணமாக இன்னொரு புரோகிராமுக்குக் கொடுக்க, அசல் எஃப்எஸ் மேல் 'அன்ஸ்ட்ரிப்_புரோட்டோகால்' என்று கேளுங்கள்.

சாவிகளைக் கோடில் எழுதாதீர்கள். அமேசானின் வழக்கமான என்விரான்மென்ட் மாறிகளை எஸ்3எஃப்எஸ் தானே எடுத்துக்கொள்ளும். மினியோ மாதிரி சொந்த சர்வரில் எஸ்3 போல நடக்கும் ஸ்டோரேஜ் வைத்திருந்தால் 'எண்ட்பாய்ண்ட்_யூஆர்எல்' ஒன்று கூடுதலாக வேண்டும், அவ்வளவே. இவற்றைப் பயனர் கணக்கின் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 'எஃப்எஸ்ஸ்பெக்' என்ற ஃபோல்டரில் ஜேசன் ஃபைலாகவும் வைக்கலாம். அப்படிச் செய்தால் ஸ்கிரிப்ட் ஒரு எழுத்துகூட மாறாமல் மினியோவிலும் அமேசானிலும் ஓடும்.

எழுதும்போது

என் கையைச் சுட்டது இந்த இடம்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்3-ல் 'வித்' போட்டு ஒரு ஃபைலைத் திறந்து எழுதுகிறீர்கள். எழுதுவது முதலில் மெமரியில் சேரும், ஒரு துண்டு அளவு சேர்ந்ததும் மேலே போகும், மூடும்போதுதான் ஃபைல் பக்கெட்டில் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். இதுவரை நல்லது, லோக்கல் டிஸ்கைவிட ஒழுங்கு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது, நூறாவது வரியில், ஒரு மதிப்பு எண்ணாக மாறாமல் எரர் வந்தால் என்ன ஆகும்? 'வித்' வெளியேறும்போது ஃபைலை மூடும். மூடினால் அதுவரை சேர்ந்தது மேலே ஏறிவிடும். ஆக, 99 வரியோடு பாதி ஃபைல், முழு ஃபைலின் பெயரில், பழைய நல்ல ஃபைலை அழித்துவிட்டு பக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். எனக்கு இப்படித்தான் நடந்தது. எரர் லாகில் இருந்தது, ஆனால் அடுத்து ஓடும் ஸ்கிரிப்ட் ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பாதி மாவட்டங்களுக்கு மழையே இல்லை என்று கணக்குப் போட்டு முடித்திருந்தது. காலையில் வரைபடத்தைப் பார்த்த ஒருவர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

இதற்கு லைப்ரரியிலேயே மருந்து உண்டு. எஃப்எஸ் பொருளில் 'டிரான்சாக்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. வெளியே 'வித் எஃப்எஸ்.டிரான்சாக்ஷன்' போட்டு, அதற்குள் அதே எஃப்எஸ் மூலம் ஃபைலைத் திறந்து எழுதுங்கள். உள்ளே எரர் வந்தால் எழுதியது தூக்கி எறியப்படும், வராமல் முடிந்தால் மட்டும் நிஜப் பெயருக்கு வரும். லோக்கலில் இதையே தற்காலிக ஃபைலில் எழுதிவிட்டு நகர்த்தும் முறையில் செய்கிறது. டிர்ஃபைல்சிஸ்டம் உறையைப் பயன்படுத்துபவர்கள் டிரான்சாக்ஷனை உள்ளே இருக்கும் அசல் எஃப்எஸ் மேல் திறங்கள், ஃபைலை உறை வழியாகத் திறக்கலாம். இறுதியில் யாராவது படிக்கப் போகும் எந்த ஃபைலையும் டிரான்சாக்ஷன் இல்லாமல் நான் இப்போது எழுதுவதில்லை.

மிகப் பெரிய ஃபைல் என்றால் துண்டு அளவைக் கவனிக்க வேண்டும். எஸ்3 ஒரு ஃபைலை அதிகபட்சம் 10,000 துண்டுகளாகத்தான் ஏற்றுக்கொள்ளும், கடைசித் துண்டைத் தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும். 5 எம்பி துண்டாகவே ஏற்றினால் சுமார் 50 ஜிபியில் சுவரில் முட்டும். 'ப்ளாக்_சைஸ்' என்பதை நீங்களே கொடுத்துவிடுங்கள், சும்மா விட்டால் வரும் மதிப்பு பேக்எண்டுக்கு பேக்எண்ட் வேறு.

ஃபோல்டர், ரீநேம், பட்டியல்

எஸ்3-ல் ஃபோல்டர் என்று ஒரு பொருள் கிடையாது. சாய்கோடு உள்ள நீளமான பெயர்கள்தான், நமக்கு வசதியாக ஃபோல்டர் போலக் காட்டப்படுகின்றன. அதனால் 'மேக்டிர்ஸ்' செய்துவிட்டு 'எக்ஸிஸ்ட்ஸ்' கேட்டால் லோக்கலில் ஆம் என்று வரும், எஸ்3-ல் உள்ளே ஃபைல் விழும் வரை இல்லை என்று வரும். காலி ஃபோல்டரை ஒரு அடையாளமாக வைத்து, அது இருந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு சின்ன ஃபைலை எழுதி வையுங்கள். மறுபக்கம், லோக்கலில் ஃபோல்டர் இல்லாமல் ஃபைல் எழுத முடியாது. 'ஆட்டோ_எம்கேடிர்' என்பதற்கு ட்ரூ கொடுத்தால் அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

ரீநேம் லோக்கல் டிஸ்கில் கண்சிமிட்டும் நேரம். எஸ்3-ல் அது முழு நகல் எடுத்து, பிறகு பழையதை அழிப்பது. ஆயிரம் ஃபைல் இருக்கும் ஃபோல்டரை 'எம்வி' செய்தால் ஆயிரம் நகல், ஆயிரம் அழிப்பு, நடுவில் நின்றுபோனால் பாதி இங்கே பாதி அங்கே.

பட்டியல் எடுப்பதில் இருக்கும் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. எஸ்3எஃப்எஸ் ஒருமுறை எடுத்த பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளும். அதோடு, அதே விவரங்களோடு ஃபைல்சிஸ்டத்தை இரண்டாம் முறை கேட்டால் புதிதாக உருவாக்காமல் முதலில் தந்த பொருளையே தரும், அதன் பழைய நினைவோடு. வேறொரு புரோகிராம் பக்கெட்டில் ஃபைல் போடும் வரை காத்திருக்க நினைத்து, பத்து செகண்டுக்கு ஒருமுறை 'எல்எஸ்' கேட்டுக்கொண்டே இருந்தால், ஃபைல் வந்த பிறகும் வரவில்லை என்றே பதில் வரலாம். எஸ்3 மேல் பழி இல்லை, 2020 டிசம்பர் முதல் எழுதியது உடனே பட்டியலில் தெரியும்படி அமேசான் மாற்றிவிட்டது. பழசைச் சொல்வது உங்கள் பக்கத்து நினைவு. ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன் 'இன்வேலிடேட்_கேஷ்' அழையுங்கள், அல்லது தொடக்கத்திலேயே 'யூஸ்_லிஸ்டிங்ஸ்_கேஷ்' என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள்.

படிக்கும் வேகம்

500 சின்ன ஃபைல்களை ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தால், ஒரு கோரிக்கைக்கு 50 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும் 25 செகண்ட் காத்திருப்பதிலேயே போகும். அதே 500 பெயர்களையும் ஒரு லிஸ்டாக 'எஃப்எஸ்.கேட்' இடம் கொடுங்கள். எஸ்3 போன்ற பேக்எண்டில் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, பெயருக்கு நேர் பைட்டாக டிக்ஷனரியில் தந்துவிடும்.

ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்குச் சங்கிலி முகவரி. அசல் எஸ்3 முகவரிக்கு முன்னால் 'சிம்பிள்கேஷ்' என்று எழுதி இரண்டு முக்காற்புள்ளி வைத்தால், முதல் முறை இறக்கி லோக்கலில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அங்கிருந்தே படிக்கும். இடத்தை 'கேஷ்_ஸ்டோரேஜ்' என்று சொல்லாவிட்டால் தற்காலிக ஃபோல்டரில் வைத்து, புரோகிராம் முடியும்போது அழித்துவிடும். சிம்பிள்கேஷ் ஒருமுறை இறக்கியதைச் சரிபார்க்கவே சரிபார்க்காது, அசல் மாறினாலும் பழசையே தரும். மாறக்கூடிய ஃபைலுக்கு 'ஃபைல்கேஷ்' எடுத்து, 'செக்_ஃபைல்ஸ்' என்பதற்கு ட்ரூ கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதன் காலாவதி 604800 செகண்ட், ஒரு வாரம். சங்கிலியில் ஜிப்பையும் கோக்கலாம், எஸ்3-ல் இருக்கும் ஜிப்புக்குள் இருக்கும் ஒரு சிஎஸ்வியை ஜிப்பை முழுசாக இறக்காமலே திறக்க முடியும். ஒவ்வொரு கண்ணிக்குமான விவரத்தைப் புரோட்டோகால் பெயரிலேயே தனித்தனி டிக்ஷனரியாகக் கொடுக்க வேண்டும், எஸ்3-ன் 'அனான்' எஸ்3 டிக்ஷனரிக்குள், கேஷின் இடம் சிம்பிள்கேஷ் டிக்ஷனரிக்குள்.

டெஸ்ட்

வேர் முகவரியை மெமரிக்கு மாற்றினால் டிஸ்கையும் நெட்வொர்க்கையும் தொடாமல் டெஸ்ட் ஓடும். ஆனால் மெமரி பேக்எண்டின் கிடங்கு அந்த கிளாஸுக்கே சொந்தமானது, பொருளுக்குச் சொந்தமானது இல்லை. ஒரு டெஸ்டில் எழுதிய ஃபைல் அடுத்த டெஸ்டிலும் இருக்கும், டெஸ்ட் ஓடும் வரிசை மாறினால் முடிவும் மாறும். ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னும் அதன் 'ஸ்டோர்' மேல் 'கிளியர்' அழைத்துவிடுங்கள், அல்லது டெஸ்டுக்கு ஒரு புதுப் பெயரை வேர் முகவரியில் சேருங்கள். மெமரியில் பாஸ் ஆனால் எஸ்3-லும் ஓடும் என்று அர்த்தம் இல்லை, மேலே சொன்ன ஃபோல்டர், பட்டியல் சங்கதி எதுவும் மெமரியில் வெளியே வராது. அதனால் அதே டெஸ்டுகளை நாளுக்கு ஒருமுறையாவது மினியோ மேலும் ஓட்டுகிறேன், மாறுவது வேர் முகவரி மட்டும்தான்.

சொந்த பேக்எண்ட்

இது நினைப்பதைவிடச் சுலபம். அறிக்கைகள் எல்லாம் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் டேபிளில், பெயர் ஒரு நெடுவரிசை, உள்ளடக்கம் ஒரு நெடுவரிசை என்று கிடக்கின்றன, அவற்றை ஃபைல் போலப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'அப்ஸ்ட்ராக்ட்ஃபைல்சிஸ்டம்' கிளாஸை மரபாக எடுங்கள், 'புரோட்டோகால்' என்பதில் உங்கள் பெயரைக் கொடுங்கள், இரண்டே மெத்தட் எழுதுங்கள். ஒன்று 'எல்எஸ்': கொடுத்த பாத்துக்குள் இருப்பவற்றை டிக்ஷனரி லிஸ்டாகத் தர வேண்டும், ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, வகை மூன்றும் கட்டாயம், வகை ஃபைல் அல்லது டைரக்டரி. 'டீட்டெய்ல்' ஃபால்ஸ் என்று கேட்டால் பெயர்கள் மட்டும் போதும். அடுத்தது அடிக்கோட்டில் தொடங்கும் '_ஓப்பன்': டேபிளில் இருந்து பைட்டை எடுத்து 'பைட்ஸ்ஐஓ'வில் போட்டுத் தந்தால் படிப்பதற்குப் போதும். 'இன்ஃபோ', 'எக்ஸிஸ்ட்ஸ்', 'வாக்', 'ஃபைண்ட்', 'க்ளாப்' எல்லாம் 'எல்எஸ்' மேலேயே கட்டப்பட்டவை, தானாக வந்துவிடும்.

அதனாலேயே எல்எஸ்-ஸில் சறுக்கினால் எல்லாம் சறுக்கும். இல்லாத பாத்தைக் கேட்டால் காலி லிஸ்ட் தராதீர்கள், 'ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்' எழுப்புங்கள், இல்லாவிட்டால் இல்லாத ஃபோல்டரையும் இருப்பதாகவே உங்கள் கோடு எடுத்துக்கொள்ளும். பெயரில் முழுப் பாத்தும் இருக்க வேண்டும், கடைசித் துண்டு மட்டும் இருந்தால் 'வாக்' வழி தவறும். முடிந்ததும் 'ரிஜிஸ்டர்_இம்ப்ளிமென்டேஷன்' என்று பெயரையும் கிளாஸையும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அன்றிலிருந்து பாண்டாஸின் 'ரீட்_சிஎஸ்வி'கூட உங்கள் புரோட்டோகால் முகவரியைப் புரிந்துகொள்ளும்.

மல்டிபிராசஸிங் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. எஸ்3எஃப்எஸ் உள்ளே தனி த்ரெட்டில் ஒரு ஈவென்ட் லூப்பை ஓட்டுகிறது, ஃபோர்க் செய்தால் (ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுத்துக் குழந்தை பிராசஸ் உருவாக்கினால்) அந்த லூப் குழந்தை பிராசஸுக்கு உயிரோடு வராது, ஃபோர்க்குக்கு ஏற்றதில்லை என்று எரர் அடிக்கும். லினக்ஸில் பைத்தான் 3.13 வரை சும்மா விட்டால் ஃபோர்க்தான், 3.14-ல்தான் ஃபோர்க்சர்வருக்கு மாறியது. பழைய பதிப்பில் இருப்பவர்கள், நகலெடுக்காமல் புதிதாகவே பிராசஸைத் தொடங்கும் 'ஸ்பான்' முறையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, எஃப்எஸ் பொருளை ஒவ்வொரு குழந்தை பிராசஸுக்குள்ளும் வேர் முகவரியில் இருந்து புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்.